இல்லாத மேடு

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். அத்தைக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. புகைப்படத்தில் நீங்கள் இளைத்துவிட்டதாகக் கோபம். "அந்த மெஷினையே கட்டிக்கிட்டு அழட்டும், உனக்கும் கணக்குதானே புருஷன்" என்று என்னையும் சேர்த்துத் திட்டினார்.

நேற்றுத் தொலைபேசியில் சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை. "ஆறு வருஷம் கழிச்சு என் கிராஃப்லயும் உன் மேடு வந்துருச்சு பாரு, வியாழக்கிழமை கட்டுரைய அனுப்பிடுவேன்" என்றீர்கள். நீங்கள் அப்படிச் சிரித்துக் கேட்டு வெகுநாளாயிற்று. அதனால் கூரியரில் இதை அனுப்புகிறேன்.

அந்த மேடு இல்லை.

அந்த வேதிவினைக்கு ஆறு வருடம் முன் நான் போட்ட கணக்கில், மூலக்கூறுகளைக் குறிக்கும் அலை ஓடும் வெளிக்கு ஓர் எல்லை உண்டு. அங்கே வந்து சேரும் அலையைச் சுவர் ஒன்று விழுங்கிவிட வேண்டும். பெரிய கணினியில் எனக்குக் கிடைத்தது ஒன்பது நாள். அதற்குள் முடிக்கச் சுவரின் அகலத்தைக் குறைத்தேன். குறைந்த ஆற்றலில் அலை நீளமானது. சுவர் முழுதாக விழுங்காமல் மீதியைத் திருப்பி அனுப்பியது. மூலக்கூறுகள் கணநேரம் ஒட்டிப் பிரிவதன் அடையாளம் என்று நான் எழுதிய மேடு, அந்தத் திரும்பிய அலைதான். சுவரை இரு மடங்காக்கினால் கோடு சமமாகப் போகிறது. வரைபடம் இத்துடன்.

இது எனக்குத் தெரிந்து பதினோரு வாரமாகிறது. என் பதவி உயர்வு நேர்காணல் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது, பதவியும் கிடைத்தது. அந்த மேட்டைப் பற்றிய என் கட்டுரையைக் காட்டித்தான்.

உங்கள் மாணவி நான்கு வருடம் அளந்துவிட்டு, "சார், அது அங்க இல்லவே இல்லையோ" என்று கேட்டாள். "எங்க வீட்டம்மா கணக்கு தப்பாது, உன் கைதான் சரியில்ல" என்று சொல்லியிருக்கிறீர்கள். அதை என்னிடம் வேடிக்கையாகச் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். ஆய்வை விட்டுப் போனவள் இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் லேபிள் சரிபார்க்கிறாள்.

இல்லாத மேட்டை உங்கள் கருவி எப்படிக் காட்டியது என்று நான் கேட்கப் போவதில்லை. மேடு காட்டாத எத்தனை நாள் அளவீடுகளை ஒதுக்கினீர்கள் என்றும் கேட்க மாட்டேன். என்னை நம்பித்தான் ஒதுக்கியிருப்பீர்கள்.

என் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் இன்று காலை போய்விட்டது. உங்களுடையதை அனுப்ப வேண்டாம். அந்தப் பெண் அளந்தது சரி என்று அவளிடம் நீங்களே சொல்ல வேண்டும். அவள் தொலைபேசி எண்ணை விசாரித்து வாங்கிவிட்டேன், பின்பக்கம் இருக்கிறது. முதலில் அவளைக் கூப்பிடுங்கள். என்னைக் கூப்பிட மனம் வரும்போது கூப்பிட்டால் போதும்.

உங்கள் மனைவி