டைனார்ஃபினும் டீச்சரும்

ஜூன் 3
லேபில் இன்று எலி மூளைச் சாம்பிள் பதினெட்டு. டைனார்ஃபின் அளந்து முடிப்பதற்குள் இடுப்பு போயிற்று. வீட்டுக்கு வந்தால் இவர் பால்கனியில் போனில் சிரித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "அப்புறம் பேசறேன் டீச்சர்."
மறுபடியும் டீச்சர்.

ஜூன் 5
முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு இவரைப் பிடித்துக்கொண்ட ஓபியம் வகை வலி மாத்திரை. முழுசாக நிறுத்தி இன்று ஆறாம் நாள். டீச்சருக்கும் அதே மாத்திரை, அதே மறுவாழ்வு மையம். "எலும்புக்குள்ள எறும்பு ஊருதுன்னா அவங்களுக்குப் புரியுது" என்கிறார்.
எனக்குப் புரியாதா? வெளியிலிருந்து மாத்திரை வந்தால் மூளை தானே சுரக்கும் எண்டார்ஃபின் சோம்பிப்போகும். அதற்கு எதிர்வேலை செய்யும் டைனார்ஃபின் ஏறும். மாத்திரையை நிறுத்தினால் டைனார்ஃபினைத் தட்டிக்கேட்க ஆளில்லை, ஆட்டிவைக்கும். இதைத்தானே தினமும் அளக்கிறேன். என்னிடம் சொன்னால் என்ன?

ஜூன் 6
கொட்டாவி 9. வியர்வை 2. சிலிர்ப்பு 3. டீச்சரோடு போன் 40 நிமிஷம்.

ஜூன் 7
இந்த நோட்டைப் பார்த்துவிட்டார். "என்னையும் கூண்டுல போட்டுட்டியா?" கோபம்கூட இல்லை குரலில்.
எலிகளுக்குப் போடும் அதே மார்க்தான். மறுபடி மாத்திரைக்குப் போய்விடுவாரோ என்ற பயத்தில் போட்டேன். அந்தப் போன் கணக்கு மட்டும் பயமில்லை. வயிற்றெரிச்சல்.

ஜூன் 8
பேச்சுவார்த்தை இல்லை.

ஜூன் 12
மதியம் லேபுக்குப் போன். டீச்சர்! "அக்கா, ரெண்டு மாத்திரை போட்டுட்டேன். இன்னும் எட்டு கையில இருக்கு."
ஒரு நொடி — எழுதவே கூசுகிறது — சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் பதறியது. அவரை அனுப்பவா என்றேன்.
"வேணாம்க்கா. நான் விழுந்தது தெரிஞ்சா அவரும் விழுந்துடுவாரு. நீங்க திட்டாம பக்கத்துல உக்காந்திருப்பீங்கன்னு அவர்தான் எப்பவும் சொல்லுவாரு."
எப்பவுமா? என்னைப் பற்றியா?
போனேன். எட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மையத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்ஸியில் என் கையை விடவே இல்லை. சின்னப் பெண். முப்பதுகூட இருக்காது.

ஜூன் 19
தினமும் என்னைக் கூப்பிடுகிறாள். மாத்திரை இல்லாமல் ஒரு வாரம் தாண்டிவிட்டாள். இன்று போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கதவருகே இவர்.
"கொஞ்ச நாளா யார்கிட்ட இவ்ளோ நேரம் பேசற?"
"ஒரு சிநேகிதி."
"எங்கிட்ட சொல்லாம அப்படி என்ன பேச்சு?" முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.
பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பிறகு, நிறுத்திய முதல் நாள் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, எனக்குக் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுததைச் சொன்னார்.
"இதை டீச்சர்கிட்டகூட சொன்னதில்ல" என்றார்.