வேறொருத்தி பெயரில் கையெழுத்து

ஜூன் 1, திங்கள்
விடாத மழை. கொழும்பில், கொட்டாஞ்சேனை வீட்டில் மூன்று நாளாய்த் துணி காயவில்லை. ஈரச் சேலையோடு இன்று நாலாவது பள்ளிக்கூடம். அதே பதில். சென்னை மாகாணச் சான்றிதழ் இங்கே செல்லாதாம். பாளையங்கோட்டையில் இரண்டு வருடப் பயிற்சி, ஐந்து வருட வேலை. எல்லாம் தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கியதும் கரைந்து போயிற்றா?
அங்கிருந்த கிளார்க்: "தேயிலைத் தோட்டப் பக்கம் கேட்டுப் பாருங்கோ. கூலியாக்கள்ட பிள்ளையளுக்கு இந்தியத் தமிழ் காணும்."
காணும் என்றால் போதும் என்று அர்த்தமாம். வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்ட பிறகுதான் கோபமே வந்தது. குடையை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டேன். திரும்பப் போக மாட்டேன்.

ஜூன் 3, புதன்
வாங்க: மண்ணெண்ணெய், கொத்தமல்லி, கறுப்பு நூல்.
வேலை! வெள்ளவத்தையில் பெண்கள் பள்ளி. ராசம்மா டீச்சருக்குப் பிரசவ லீவு. அவர் திரும்பும் வரை நாலாம் வகுப்பு எனக்கு. தலைமை ஆசிரியை (இனி த.ஆ.) சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "வேற ஆள் இல்லாதபடியால் எடுக்கிறன்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேன்?
இவருக்கு என்னைவிடச் சந்தோஷம். துறைமுகத்தில் கிளார்க், பிறந்து வளர்ந்தது எல்லாம் கொட்டாஞ்சேனை. "இனி நீரும் கொழும்பு ஆள்தான்" என்கிறார்.

ஜூன் 8, திங்கள்
கோட்டை வரை பஸ், அப்புறம் ரயில். ஜன்னலில் கடல் தெறிக்கிறது. முதல் நாள்.
வகுப்பில் ஒரே இரைச்சல். "பேசாதீங்க!" என்றேன். முன்வரிசைப் பரமேஸ் எழுந்து நின்றாள், கண்ணில் நீர். "நாங்கள் ஒருத்தரையும் பேசேல்லையே, ரீச்சர்!" இங்கே பேசுவது என்றால் ஏசுவதாம். 'கதைக்காதீங்கோ' என்று சொல்ல வேண்டுமாம். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். வகுப்பு ஒட்டிக்கொண்டது.
வாசலில் நின்ற த.ஆ. சிரிக்கவில்லை. "பிள்ளையளுக்கு உங்கட பேச்சுப் பழகிப்போகும். புத்தகத்தில இருக்கிறதை மட்டும் வாசியுங்கோ."

ஜூன் 12, வெள்ளி
எழுதக் கை ஓடவில்லை. அவ்வளவு ஆத்திரம்.
ஒரு வாரமாகியும், தினமும் கையெழுத்துப் போடும் ஆசிரியர் வரவேட்டில் என் பெயர் இல்லை. கேட்டேன். த.ஆ. ராசம்மாவின் வரிசையைக் காட்டினார். "இதில ராசம்மா எண்டு போடுங்கோ. இந்தக் கிழமை அஞ்சு நாளுக்கும்."
"அது என் பேர் இல்லையே?"
"பதிவில்லாத ஆளுக்கு என்ன பேர்? செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் வாறார். அண்டைக்கு மட்டும் நீங்கள் வர வேண்டாம். ராசம்மாவுக்குச் சுகமில்லை எண்டு சொல்லுவம்."
போடாமல் வந்துவிட்டேன். இவர்: "கொஞ்சம் பொறுமையாய் இரும், பிலோ. இதுவும் போனா வேற கிடைக்குமோ?" அவர் சொல்வதிலும் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். குழம்பில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டு எழுந்தார்.

ஜூன் 15, திங்கள்
மழை இல்லை. த.ஆ. அறையில் இல்லாத நேரம், வரவேட்டின் கடைசியில் காலியாய் இருந்த வரியில் எழுதினேன்: ஞா. பிலோமினா. வந்த ஆறு நாளுக்கும் கையெழுத்து. மையில்.

ஜூன் 16, செவ்வாய்
போனேன். "வர வேண்டாம் எண்டு சொன்னனான் அல்லோ?" என்று த.ஆ. ஆரம்பிக்கும்போதே வாசலில் கார்.
இன்ஸ்பெக்டர் தமிழர்தான். ஒல்லி, ஓயாத இருமல். வரவேட்டைக் கையில் பிடித்தபடி வகுப்புக்குள் வந்தார்.
"ஆர் இந்தப் பிலோமினா?"
"நான்தான், ஐயா."
"இவ சும்மா உதவிக்கு..." என்றார் த.ஆ.
இன்ஸ்பெக்டர் என் சான்றிதழைக் கேட்டார். இரண்டு பக்கமும் படித்தார். இந்த ஊரில் அதைப் படித்த முதல் ஆள்! பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார், கணக்குக் கேட்டார். பரமேஸ் பின்னத்தைக் கரும்பலகையில் தப்பில்லாமல் போட்டாள்.
இன்ஸ்பெக்டர் த.ஆ.வைப் பார்த்து: "தற்காலிக அனுமதிக்கு இண்டைக்கே எழுதுங்கோ. கல்விக் கந்தோரில, மேலதிகாரிகளிட்ட நான் சொல்லுறன். ராசம்மா வரும் வரைக்கும் இவவே இருக்கட்டும். சொந்தப் பேரில."
த.ஆ. முகம் முழுக்கச் சிரிப்பு. "நான்தான் சேர், தேடிப் பிடிச்சனான். கெட்டிக்காரி."
என்ன தைரியம்! என்ன தைரியம்!
கார் போன பிறகு த.ஆ.: "இனிமேல் என்னட்டச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ."
"சொல்லியிருந்தால் விட்டிருப்பீங்களா?"
த.ஆ. வரவேட்டை என் பக்கம் தள்ளினார். இன்றைய கட்டத்தில் முழுப் பெயரையும் எழுதினேன். கட்டம் கொள்ளவில்லை. நாளைய கட்டத்துக்குள்ளும் போய்விட்டது.