எட்டுப் படுக்கை

ஜூன் 3

காலையிலிருந்து மழை. ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடி இயக்குநர் அறைக்கு வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. இருபது வருடம் குழந்தைகள் வார்டில் நின்ற கால். இப்போது வீட்டுக்கு வந்தால் வலிப்பதில்லை. அதுவே ஒரு குறையாக இருக்கிறது.

சேர்மன் டாக்டர் லக்சாமானா கூப்பிட்டார். மூன்றாம் மாடிக் குழந்தைகள் வார்டை மூடப்போகிறார்களாம். இருபத்து நான்கு படுக்கையும் போய், அந்த இடத்தில் தனி அறைகள் — டிவி, சோபா, கடல் தெரியும் ஜன்னல். எங்கள் இலோய்லோ ஊரின் பணக்காரர்கள் வைத்தியத்துக்கு மணிலா பறக்காமல் இங்கேயே படுப்பார்கள் என்கிறார்.

“நர்ஸுங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க, மிஸஸ் சல்செடோ. நாங்க சொன்னா சண்டைக்கு வருவாங்க. நீங்க அவங்க ஆளு. அழுதுட்டு அடங்கிடுவாங்க.”

ஒரு நர்ஸை ஏன் நிர்வாக இயக்குநர் ஆக்கினார்கள் என்று எல்லோரும் வியந்தார்கள். இன்று எனக்கு விடை கிடைத்தது. மாத முடிவில் கூட்டம். அதற்குள் என் சம்மதம் வேண்டுமாம்.

ஜூன் 8

கணவர் ரோமெல் கப்பலிலிருந்து பேசினார். வார்டு விஷயத்தைச் சொன்னேன்.

“மேல்தளத்துக்குப் போயிட்டே விக். இனிமே இன்ஜின் ரூம் ஆளுங்களோட உக்காந்து சாப்பிடலாம்னு நினைக்காதே. சோறு உனக்கும் இறங்காது, அவங்களுக்கும் இறங்காது.” சிரித்தார்.

எரிச்சலாக வந்தது. வார்டை மூட விடமாட்டேன், பாருங்கள் என்றேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. கேட்டாரோ என்னவோ.

ஜூன் 14

இன்று நாற்பத்தாறு. பிறந்த நாளைக்குப் பன்சித் இல்லாமலா? நீள நூடுல்ஸ், நீள ஆயுசு. பெரிய மூங்கில் தட்டு நிறைய வாங்கி, மதியம் நானே குழந்தைகள் வார்டுக்குத் தூக்கிப் போனேன். வார்டின் தலைமை நர்ஸ் ஜெம்மா தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கிரிசெல் என்ற சின்னப் பெண் பின்னால் நகர்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

“மேடம், ட்யூட்டில பன்சித்தா?” ஜெம்மாதான் கேட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. ட்யூட்டியில் பன்சித் தின்றால் நோயாளிகள் நூடுல்ஸ் மாதிரி அறுபடாமல் வந்துகொண்டே இருப்பார்கள். இந்த ஊரில் எந்த நர்ஸும் தொடமாட்டாள். புதிதாகச் சேர்ந்த பெண்களை இதற்காக நானே எத்தனை தரம் விரட்டியிருக்கிறேன்! எப்படி மறந்தேன்?

“அஞ்சாவது மாடி ஏசில மூளை உறைஞ்சிடுச்சு போல,” என்றாள் ஜெம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். தட்டைப் பிள்ளைகளின் அம்மாக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஜெம்மாவும் நானும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நேற்றுவரை ‘ஏய் விக்’தான். இன்று அவளும் மேடம் என்றாள். கேலியா? கேலியாக இருந்திருந்தால் தேவலை.

ஜூன் 19

டெங்கு. நேற்றிலிருந்து பிள்ளைகள் வந்தபடி இருக்கிறார்கள். ஒரு படுக்கையில் இரண்டு பேர், தலைமாடு கால்மாடாக.

“உங்க பன்சித் நல்லா வேலை செய்யுது மேடம்!” மருந்துத் தட்டோடு ஓடியபடியே கிரிசெல் கத்தினாள்.

ஒரு சிறுமிக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. நான் போடுகிறேன் என்று கையுறை மாட்டினேன். ஒரு காலத்தில் இருட்டில்கூட நரம்பு பிடிப்பேன். ஊசி விலகிவிட்டது. கை வீங்கியது. பிள்ளை அலறியது. ஜெம்மா அந்தச் சின்னக் கையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நீங்க மேல போங்க.”

“உதவியா இருக்கட்டும்னுதான்டி—”

“ஊசி போட நாங்க இருக்கோம். உதவணும்னா ரெண்டு நர்ஸ் குடுங்க. வார்டை மூடப்போறாங்கன்னு ஒரு பேச்சு அடிபடுதே, அதை நிறுத்துங்க. அதெல்லாம் மேல உக்காந்தாத்தான் முடியும். அதுக்குத்தானே உங்களை மேல அனுப்பிச்சோம்?”

அனுப்பிச்சோம் என்றாள். எனக்குப் பதவி வந்தபோது ஹாரோ மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியவள் அவள்தான்.

ஜூன் 20

அந்தப் பிள்ளையின் வீங்கிய கை. வேறொன்றும் எழுத வரவில்லை.

ஜூன் 30

கூட்டம் முடிந்தது. வார்டு நிரம்பி வழிகிறதே என்றேன்.

“டெங்கு மழையோட வரும், மழையோட போயிடும். அறைங்க வருஷம் பூரா நிக்கும்,” என்றார் சேர்மன்.

மூடினால் ராஜினாமா செய்வேன் — காலையில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். வாய்க்குள்ளேயே கிடந்தது. ஏன்? நாற்காலியா, பயமா? நான் போனால் அடுத்து வருகிறவர் ஒரு படுக்கையைக்கூட விட்டுவைக்கமாட்டார். இது உண்மைதான். எவ்வளவு வசதியான உண்மை!

பன்னிரண்டு படுக்கையாவது வேண்டும் என்றேன். பெரியவர்கள் வார்டின் கோடியில் எட்டு தந்தார்கள். மழைக்காலம் முடியும்வரை இரண்டு தற்காலிக நர்ஸ்கள். கையெழுத்துப் போட்டேன்.

எட்டுப் படுக்கை வாங்கினேன் என்று எழுத உட்கார்ந்தேன். பதினாறை விற்றேன்.

ஜூலை 2

வார்டில் சொன்னேன். யாரும் அழவில்லை. சேர்மன் நினைத்தது தப்பு.

“ஒன்பதாவதா ஒரு புள்ளை வந்தா?” என்று ஜெம்மா மட்டும் கேட்டாள்.

“அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்.”

“யாரு அனுப்புவா? நானா?”

“இல்ல… வாசல்லயே செக்யூரிட்டி சொல்லிடுவான்.”

“ஓ. எங்க கண்ணுல படாம ஏற்பாடு பண்ணிட்டீங்க. நல்ல மனசு மேடம் உங்களுக்கு.”

பிறகு பிள்ளைகளுக்கு மருந்து நேரம் என்று எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 11

ஜெம்மா தோஹாவுக்குப் போகிறாள். இந்த வயதில். வெளிநாடு போகிற பெண்களைத் திட்டித் திட்டியே வார்டில் பிடித்து வைத்திருந்தவள். வழியனுப்பு விருந்துக்கு எல்லா மாடிக்கும் பொதுவாக ஓர் அழைப்பு வந்தது. எனக்கென்று தனியாக இல்லை. போகவில்லை. கேக் வாங்கி அனுப்பினேன்.

நவம்பர் 16

புது அறைகள் திறப்பு. ஃபாதர் வந்து புனித நீர் தெளித்தார். “ஒரு சின்னச் சத்தம்கூட வராம முடிச்சுக் குடுத்தீங்க,” என்று சேர்மன் கை குலுக்கினார். ரோஹாஸ் நகரில் வாங்கப்போகும் மருத்துவமனையையும் நான்தான் கவனிக்க வேண்டுமாம். சரி என்றேன்.

சாயங்காலம் காருக்காக வாசலுக்கு வந்தேன். கிமாராஸ் தீவிலிருந்து படகில் வந்த ஒரு பெண், தோளில் பிள்ளை, செக்யூரிட்டியிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

“எட்டும் ரொம்பிடுச்சும்மா. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“மூணாவது மாடியில நர்ஸ் விக்னு ஒருத்தங்க இருப்பாங்க. என் பெரியவனைப் பொழைக்க வச்சவங்க. நான் வந்திருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி, ஓடி வருவாங்க.”

“அப்படி நர்ஸ் யாரும் இங்க இல்லம்மா.”

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நான் மிஸஸ் சல்செடோ. என்னைக் கண்டதும் விறைத்து நின்று கார் கதவைத் திறந்தான். அவளும் வழிவிட்டு ஒதுங்கினாள். என் முகத்தை நேராகத்தான் பார்த்தாள். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

“இவங்களுக்கு ஒரு டிரைசிக்கிள் வண்டி பிடிச்சுக் குடு,” என்றேன்.

“ரொம்ப நன்றிங்க மேடம்,” என்றாள் அவள்.