சம்பந்தியின் வளையத் தலையணை

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா நலம் என்று எழுதக் கை வருகிறது, உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. உன் மாமனாரின் மூட்டுவலியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். தைலம் தேய்த்தாயாம், கைத்தாங்கலாக நடத்தினாயாம். எனக்குக் கடைசியில் ஒரு வரி: ‘உடம்பைப் பாத்துக்கோங்க.’ பார்க்கிற மாதிரி இடத்தில் வலி வந்தால் பார்க்கமாட்டேனா? சம்பந்திக்கு முழங்கால், சபையிலேயே காட்டலாம். எனக்கு இடுப்புக்குக் கீழே, பின்பக்கம். குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், ‘ஒண்ணுமில்லை’ என்கிறார்கள். அந்த ஒன்றுமில்லாததுதான் ஒரு வருடமாக என்னை உட்காரவிடவில்லை. பஸ்ஸை நின்றுகொண்டா ஓட்டுவது? லீவு போட்டிருக்கிறேன். இதையும் ஃபிரிட்ஜ் மேல் தாளை வைத்து, நின்றபடிதான் எழுதுகிறேன்.

உன் அப்பா (ஞாபகம் இருந்தால்)

மார்ச் 11

அன்புள்ள அப்பா,

குத்தல் போதும். ஆசனவாயில்தானே வலி? வாய்விட்டுச் சொன்னால்தான் என்ன? மாமாவுக்கும் முன்பு இதே வலி இருந்தது. என்னிடம்தான் முதலில் சொன்னார். உள்ளே தசை இறுகிக்கொள்கிறதாம். அதைத் தளர்த்த ஊசி போட்டார்கள். எல்லாருக்கும் கேட்காது, கேட்டாலும் சில மாதம்தான் தாங்கும் என்றார்கள், அவருக்குக் கேட்டது. அதே டாக்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இருபதாம் தேதி வாருங்கள், நான் கூட இருப்பேன். மாமா தன்னுடைய வளையத் தலையணையை உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். நடுவில் ஓட்டை இருப்பதால் உட்கார வலிக்காது.

உங்கள் பாப்பா

மார்ச் 14

பாப்பாவுக்கு,

தலையணை வந்தது. பீரோ மேல் இருக்கிறது. அவர் உட்கார்ந்ததில் நான் உட்காரமாட்டேன். என் வலியில்கூடவா அந்த மனுஷன் என்னை முந்திக்கொள்ளவேண்டும்? அதுவாவது போகட்டும். உன்னிடம் சொல்ல அவருக்கு வாய் வந்திருக்கிறது. சின்ன வயதில் உனக்குக் கழுவிவிட்ட எனக்கு வரவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். வருகிறேன். அவரைக் கூட்டி வராதே.

அப்பா

மார்ச் 27

என் பாப்பாவுக்கு,

ஊசி போட்டதில் வலி பாதி குறைந்திருக்கிறது. காற்றுதான் என்னைக் கேட்காமலே வெளியே போகிறது. போகப்போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னாரே, பார்ப்போம்.

அன்று நான் குப்புறப் படுத்திருந்தபோது நர்ஸம்மா உன்னிடம், ‘போன தடவை உங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்தீங்களே, அப்ப இவரு யாரு?’ என்று கேட்டார். படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டேன். ‘அது மாமாங்க. இவருதான் எங்க அப்பா’ என்றாய். அதற்கப்புறம் ஊசி எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை.

இதை உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தத் தலையணை மேல்தான். சம்பந்தி கேட்டால், இன்னும் பீரோ மேல்தான் இருக்கிறது என்று சொல்.

உன் அப்பா