இடது சானலின் இரைச்சல்

பிப்ரவரி 9
ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிற வாடிக்கைக்காரத் தம்பியின் கைரெக்கார்டர் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. என் ரிப்பேர் பட்டறைக்கு வரும் வேலையில் பாதி அவன் சொல்லி வருவது. முகம் கடுகடுவென்று இருந்தது. “இடது சானல்ல இன்னும் உஸ்ஸுங்குதுக்கா. எல்லார் முன்னாடியும் மானம் போச்சு.”

ஹெட்போனை மாட்டி, இடது காதில் வரும் அந்தச் சானலின் ஒலியை முழுதாக ஏற்றிக் கேட்டேன். சுத்தமான அமைதி. அவனுக்குத்தான் காதில் கோளாறு என்று நினைத்தேன்.

பிப்ரவரி 10
மைக் சத்தத்தைப் பெருக்கும் சிப்பை மறுபடி மாற்றினேன். மீட்டர் இரைச்சல் இருக்கிறது என்கிறது, என் காது இல்லை என்கிறது. நான் என்றைக்கு மீட்டரை நம்பினேன்? அதற்கு வயதாகிவிட்டது.

பிப்ரவரி 12
சாப்பிடும்போது என் இடப்பக்கத்திலிருந்து வீட்டுக்காரர்: “எத்தனை தடவை கூப்பிடறது? நான் பேசறது மட்டும் மகாராணி காதுல ஏறாது.” வழக்கமான கிண்டல்தான். எரிந்து விழுந்தேன்.

பிப்ரவரி 13
இரைச்சல் என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: “ஹெட்போனை இடம் வலமா மாத்திப் போட்டுக் கேளுங்க. சத்தம் அதே காதுல நின்னா உங்க காது. காது மாறினா மெஷின்.” அப்படிச் சொல்லி ஒருவரைக் காது டாக்டரிடமே அனுப்பியிருக்கிறேன்.

இன்று நானே மாற்றிப் போட்டேன். வலது காதில் இரைச்சல், தகரத்தில் மணல் கொட்டுவது போல.

அப்படியானால் அந்த அமைதி?

விரலைச் சொடுக்கினால் இடது காதில் கேட்கிறது. காகிதத்தை உரசும் அந்த உஸ் சத்தம் — ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்ல. ஐயோ, எத்தனை மெஷினை ‘சரியாயிடுச்சு’ன்னு அனுப்பினேன்? இனிமே யாரு என்கிட்ட தருவாங்க?

பிப்ரவரி 16
டாக்டர்: “கேக்கலைன்னு தெரிஞ்சதும் வந்திருக்கணும்மா.” தெரிந்தால்தானே! நரம்புக் கோளாறாம். மாத்திரை கொடுத்தார். சரியாகும் என்று மட்டும் சொல்லவில்லை.

பிப்ரவரி 17
பட்டறையைத் திறக்கவில்லை. வேறு என்ன வேலை தெரியும் எனக்கு?

பிப்ரவரி 20
வலது காதும் மீட்டருமாக ஒவ்வொரு பாகமாகத் தேடினேன். ஒரு சின்ன ரெசிஸ்டர், கடுகளவுதான். மாற்றியதும் இரைச்சல் நின்றது.

தம்பி வந்தான். சொல்லாமல் கொடுத்திருக்கலாம். சொல்லிவிட்டேன். “என் இடது காது போயிடுச்சுப்பா. அதான் எனக்குப் பிடிபடல.” அவன் ரெக்கார்டரைப் பைக்குள் வைத்தான். “சரிக்கா” என்றான். அவ்வளவுதான். வேலையில் பாதி அந்தப் பையோடு படியிறங்கிப் போனது.

பிப்ரவரி 28
யாரும் வரவில்லை.

மார்ச் 6
போனைத் துடைத்துத் துடைத்து வைக்கிறேன். அது அடிக்கவில்லையா, எனக்குத்தான் கேட்கவில்லையா?

மார்ச் 27
தம்பி வந்தான், கையில் வேறு யாருடைய ரெக்கார்டரோ. நாற்காலியை இழுத்து என் வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தான். “என் ஃபிரெண்டோடதுக்கா. இதுவும் லெஃப்ட்டுதான். எனக்கு ஏதோ கேக்குது, அவன் இல்லவே இல்லைங்கறான். உங்க நல்ல காதுல கேட்டுச் சொல்லுங்க.”

ஹெட்போனை மாற்றிப் போட்டுக் கேட்டேன். இருக்கிறது.