எடைக்குப் போட்ட கல்

எவன்ஸ்வில், இண்டியானா
பிப்ரவரி 18, 2008

அன்புள்ள லவெல் தம்பி,

நலம், நலமே ஆகுக என்றெல்லாம் எழுதும் முன்னால் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு எவன் வாயிலாவது கேட்டு நீ சிரிப்பதைவிட இது மேல். நேற்று போட்டோ எடுக்க வேண்டும் என்று அணியின் அரை நிஜாரைக் கொடுத்தார்கள். தொடையோடு நின்றுவிட்டது. பின்பக்கத்தைக் கத்தரிக்கோலால் கிழித்து, ஊக்கு குத்தி, "திரும்பாம நில்லுங்க அண்ணே, முன்பக்கம் மட்டும்தான் எடுக்கிறோம்" என்றான் போட்டோக்காரன். முன்பக்கமும் பார்க்கிற மாதிரி இல்லை.

நாற்பது வயது. ஆட்டத்தை விட்டு இரண்டு வருஷம். மீன் வறுத்துக்கொண்டிருந்த உன் அண்ணன் இப்போது மறுபடியும் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டக்காரன்.

நீ போனை எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் வாத்தியாரும் நானும் ஒருவரையொருவர் கைகழுவியது உனக்குத் தெரியும். தப்பு இருந்தால் உன் மகள் ஜுவலிடம் கொடு. ஏழு வயதுக்காரி என்னைவிட நன்றாக எழுதுவாள்.

நடந்தது இதுதான். போன வெள்ளிக்கிழமை முழங்கை வரை மாவோடு நிற்கிறேன், நம் அணி மேலாளர் விட்லாக் போனில் கூப்பிடுகிறார்.

"ரூஃபஸ், நீ இன்னும் எங்க ஆளுதான், தெரியுமா?"

"சார், என் வயித்தப் பாத்தா ஆறு மாசம்னு சொல்றாங்க."

"அத யாரு பாக்கப் போறா? நீ ஓய்வுன்னு சங்கத்துக்கு எழுதியே குடுக்கல. உன் மேல உரிமை இன்னும் எங்ககிட்டதான் இருக்கு."

உண்மைதான். கேக் வெட்டினேன், அழுதேன், எழுதி மட்டும் கொடுக்கவில்லை. நம்மில் பாதிப் பேர் கொடுப்பதில்லை. என்றைக்காவது ஒருவன் கூப்பிடுவான் என்கிற நப்பாசை.

பஃபலோ அணியின் பெரிய ஆட்டக்காரன் நம் செயின்ட் லூயிஸுக்கு வேண்டுமாம். நம் அணியோ சம்பள வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. வரம்பைத் தாண்டிய அணி ஒருவனை வாங்க வேண்டுமானால், கிட்டத்தட்ட அதே சம்பளத்துக்கு ஆட்களைக் கொடுத்தாக வேண்டும். அவன் ஒருவனுக்கு எதிர்த்தட்டில் இரண்டு பேரை வைத்தும் முள் நேராக நிற்கவில்லை. தட்டில் போட ஒரு கல் வேண்டியிருந்தது. எனக்கு ஒரு பெரிய சம்பளம் எழுதி, அந்தத் தட்டிலேயே போட்டு அனுப்பிவிடுவார்களாம்.

"ரெண்டு பசங்க போறாங்க, கூட நீ. ஒரு நாளும் ஆட வேண்டாம்" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் கடைத் தொலைக்காட்சியில், அந்த இரண்டு பேரில் ஒருவனாக உன் முகம் வந்தது. எண்ணெயில் கிடந்த மீன் கருகிவிட்டது. வாடிக்கையாளர் அதையும் தின்றுவிட்டுப் போனார்.

போனை எடுடா.

உன்
ரூஃபஸ் அண்ணன்


பஃபலோ
பிப்ரவரி 20, 2008

ரூஃபஸ் அண்ணனுக்கு,

போனை எடுத்தால் கெட்ட வார்த்தைதான் வரும். "எழுது, எழுதினா கொஞ்சம் ஆறும்" என்றாள் என் மனைவி கொரீன். ஆறவில்லை.

ஜுவல் எழுதுவதை மெச்சியிருக்கிறீர்கள். அவள் பேசுவது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து காது கேட்காத பிள்ளை. போன இலையுதிர் காலத்தில் அறுவை செய்து கருவி வைத்தோம். அவளைக் கேட்கவும் பேசவும் பழக்குகிற பள்ளி செயின்ட் லூயிஸில் இருக்கிறது. இப்போதுதான் ஒவ்வொரு சத்தமாகப் பிடிக்கிறாள். போனில் என் குரல் அவளுக்கு இரைச்சல். என் வாயைப் பார்த்தால்தான் அது அப்பா. இந்த ஒரு வருஷம் பக்கத்தில் இருங்கள் என்று டீச்சர் சொன்னார்.

இதை டிசம்பரிலேயே விட்லாக்கிடம் சொன்னேன். தோளில் கை போட்டு, "நீ எங்க வீட்டுப் பிள்ள, லவெல்" என்றார். போன வாரம் அதே கையைப் போட்டு, "உன் ஆட்டத்துல ஒரு குறையும் இல்ல. உன் சம்பளம் சரியான அளவு, அவ்வளவுதான்" என்றார். சட்டைக்கடையில் காலர் அளவு சொல்கிற மாதிரி. இங்கே ஓட்டலுக்கு வந்து தோளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன் அண்ணே.

ஒரு தகவல். மூன்று பேரும் நேரில் வந்து மருத்துவர் சரி என்று எழுதினால்தான் இந்தப் பரிமாற்றம் செல்லும். வெள்ளிக்கிழமைவரை நேரம். ஒருவர் தேறாவிட்டாலும் மொத்தமும் ரத்து. எல்லாரும் அவரவர் வீட்டுக்கு. எனக்கும் மற்றப் பையனுக்கும் உடம்பில் குறையில்லை.

நான் கெஞ்சவில்லை. தகவல்தான்.

ஒரு கேள்வி மட்டும். "ரெண்டு பசங்க" என்று அவர் சொன்னபோது, யார் என்று கேட்டீர்களா?

லவெல்


பஃபலோ
பிப்ரவரி 23, 2008

அன்புள்ள தம்பி,

கேட்கவில்லை.

அதற்குப் பரிகாரமாகத்தான் இங்கே வந்தேன். நான் வருவதற்குள் நீ அணியோடு வெளியூர் கிளம்பிவிட்டாய். வராமலே இருந்திருக்கலாமே என்பாய். வராவிட்டால் விட்லாக் என்மேல் வழக்குப் போடுவார். வந்து, பரிசோதனையில் தோற்றுவிட்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. என் உடம்பை நம்பி வந்தேன். தோற்பதற்கென்றே செய்த உடம்பு இது.

முதல் நாள் ராத்திரி ஓட்டலில் பன்றி விலா ஒரு தட்டு முழுக்க, மேலே உப்பு. மருத்துவர் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"முட்டி எப்படி இருக்கு?"

"எலும்போட எலும்பு உரசுது டாக்டர். நான் மாடிப்படி ஏறினா பக்கத்து வீட்டு நாய் குலைக்கும்."

திருப்தி என்று எழுதினார்.

"மூச்சு?"

"உள்ள போகுது. திரும்பி வர யோசிக்குது."

திருப்தி.

ரத்த அழுத்தக் கருவியைக் கையில் சுற்றினார். அது கத்தியது. அணைத்துவிட்டு, "மெஷின் பழசு" என்றார்.

"டாக்டர், ஒரு ஆட்டம் முழுசா ஆடினா நான் செத்துடுவேன்."

"அதான் ஆட மாட்டீங்களே" என்று சொல்லிவிட்டு அதற்கும் திருப்தி.

தம்பி, என்னை ஒருவனும் பார்க்கவில்லை. தேங்காய் வாங்குகிறவன்கூடத் தட்டிப் பார்ப்பான். வெளியே வந்ததும் பஃபலோ அணி அதிகாரி கைகுலுக்கி, "உங்களால பெரிய உதவி" என்றார். என் பெயர் அவருக்குத் தெரியவில்லை, என் சம்பளம் கடைசிக் காசுவரை தெரிந்திருந்தது. இரண்டு வாரம் பயிற்சி மைதானத்தில் ஓரமாக நிற்க வேண்டுமாம். நிஜமாகவே ஆட வந்தவன் மாதிரித் தெரிய வேண்டுமாம். நிற்கிறேன். பந்து உருண்டு வந்தால் எடுத்துக் கொடுக்கிறேன். மூட்டைப்பூச்சி ஏறிய மெத்தையில் படுத்த மாதிரி உடம்பெல்லாம் அரிக்கிறது.

என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன். நம்பு.

உன் அண்ணன்
ரூஃபஸ்


பஃபலோ
மார்ச் 9, 2008

ரூஃபஸ் அண்ணனுக்கு,

நீங்கள் ஊருக்குப் போனபின் எனக்குக் கணுக்கால் பிசகியது. அதே சின்ன மருத்துவர்தான் கட்டுப் போட்டார். உங்கள் பேச்சு வந்தது. பக்கத்து வீட்டு நாயைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் அவர் சொன்னார்:

"கடைசில எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. பேனாவக் கீழ வெச்சிட்டு நேராவே கேட்டேன். 'எனக்கு ஆட விருப்பம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இங்கயே நிறுத்திடறேன். முட்டியப் பத்தி என்ன வேணா எழுதச் சொல்றாங்க, எழுதறேன். அத மட்டும் மறைச்சு எழுத மாட்டேன்'னு. மனுஷன் கூரையப் பாத்துட்டே இருந்தார். ரொம்ப நேரம். சரின்னு பேனாவ எடுத்தேன்."

உங்கள் கடிதத்தில் எலும்பு இருந்தது, மூச்சு இருந்தது, தேங்காய் இருந்தது. இது இல்லை.

உங்களோடு ஒரே பேருந்தில் பன்னிரண்டு பருவம் போயிருக்கிறேன். தூக்கத்தில்கூட உங்கள் வாய் ஓய்ந்து பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விழா. ஜுவல் மேடையில் ஒரு வரி சொல்லப் போகிறாள். எனக்கு அன்றைக்கு இங்கே ஆட்டம்.

இனி எழுத வேண்டாம்.

லவெல் ஹாலவே


செயின்ட் லூயிஸ்
மார்ச் 14, 2008

தம்பி,

இந்த ஒரு கடிதம் மட்டும். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி.

டாக்டர் சொன்னது உண்மை. பணம் கண்ணை மறைத்தது என்று எழுதிவிட்டால் சுலபம், எல்லாரும் தலையாட்டுவார்கள். பணமும்தான். ஆனால் அந்த அறையின் கொக்கியில் ஒரு ஜெர்சி தொங்கியது. முதுகில் என் பெயர், என் பழைய எண். ஒருவனும் ஆடச் சொல்லாத, ஒருவனுக்கும் வேண்டாத ஜெர்சி. சட்டம் கேட்கிறது என்று தைத்து மாட்டியிருந்தார்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தபோது நான் பார்த்தது கூரையை இல்லை, அதை. அதைப் போட்டுக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. உன் பிள்ளை முகம் ஞாபகத்தில் இருக்கும்போதே. அன்றைக்கு ராத்திரி கண்ணாடி முன்னால் போட்டும் பார்த்தேன். காலையில் வாந்தி எடுத்தேன். விலாக்கறி என்று நினைத்துக்கொண்டேன்.

விட்லாக்கைப் பார்த்தால் குமட்டுகிறது என்று கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவராவது உன்னிடம் நேரில் வந்து அளவைச் சொன்னார்.

இன்றைக்குக் காரை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். பள்ளி விழாவில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நின்றேன். கொரீனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காரும் தைரியம் எனக்கு இல்லை. ஜுவல் மஞ்சள் கவுன் போட்டு, தலையில் காகிதச் சூரியன் கட்டியிருந்தாள். "மழை நின்னாச்சு, எல்லாரும் வெளிய வாங்க" என்பது அவள் வரி. 'மழை' கொஞ்சம் வழுக்கியது. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இரண்டாவது தடவை தூணுக்குப் பின்னால் இருந்தவனுக்கும் கேட்டது. சொல்லிவிட்டு அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து கும்பிட்டாள்.

இதை நான் பார்த்திருக்கக் கூடாது. நீ பார்த்திருக்க வேண்டியது. அதனால்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

அப்புறம் உன் வீட்டுக்குப் போனேன், கடையில் வறுத்த கெளுத்தி ஒரு பொட்டலம். கொரீன் கதவைத் திறந்தாள்.

"என்ன அது?"

"மீன்."

"சூடா இருக்கா?"

"கொஞ்சம் ஆறிடுச்சு. நூத்தி எழுபது மைல்."

"சரி" என்று வாங்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். தாழும் போட்டாள்.

நான் அதற்குள் பாதி திரும்பியிருந்தேன். கோட்டின் கீழ்நுனி கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. மணியை அடித்தால் திறந்திருப்பாள். விரலைப் பொத்தான் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். உள்ளே ஜுவல் அந்த வரியை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். கோட்டைக் கழற்றிக் கதவிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினேன்.

கார் சாவி கோட்டுப் பையில் இருக்கிறது. இதைப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கார் உன் வீட்டு வாசலில், குப்பை வண்டி வந்து நிற்கிற இடத்தில் நிற்கிறது. குப்பை நாள் நாளைக்கு என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார்.

ரூஃபஸ்