ஆடி வெள்ளத்தில் வந்த காகிதம்

மோகனூர்,
ரக்தாக்ஷி வருஷம், ஆடி 5
(20-7-1924)

பெருமாயியின் அப்பாவுக்கு, பூவாத்தாள் எழுதுவது.

நீங்கள் போட்ட நான்கு கடிதமும் வந்தன. பதில் எழுதாதது வேலையால் அல்ல, மனசு வராததால். குழந்தை சௌக்கியம். அம்மாவும் தம்பி சுப்பையனும் சௌக்கியம்.

'எப்போது வருகிறாய்' என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். என் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சுப்பையன் எழுதிய காகிதத்தை எட்டு நாள் உங்கள் சட்டைப் பையில் வைத்திருந்தீர்கள். கல்யாணச் சேலைகள் தறியை விட்டு இறங்கும் வரை நான் நூல் சுற்ற வேண்டும் என்பதற்காக. 'ஊரில் எல்லோரும் சுகம்' என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னீர்கள். நான் வந்து சேர்ந்தபோது காரியமே முடிந்திருந்தது. இனி நீங்கள் வெயில் அடிக்கிறது என்று சொன்னாலும் வாசலில் வந்து பார்த்துத்தான் நம்புவேன்.

இங்கே ஊரே பேச்சாகக் கிடக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது. மேற்கே ஏதோ அணை உடைந்துவிட்டதென்று சந்தைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். காப்பிக் கடையில் மூன்று நாள் பழைய பத்திரிகையை வைத்துக்கொண்டு ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஜோசியர் பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் மழை குறைவு என்று விரலை வைத்துக் காட்டுகிறார். காலையில் தண்டோரா போட்டு ஜாக்கிரதை என்றார்கள், சாயங்காலம் பயப்பட வேண்டாம் என்று அதே தண்டோரா. எல்லோரும் சத்தியம் பண்ணித்தான் சொல்கிறார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது.

இனி எழுதி மசியை வீணாக்க வேண்டாம்.

பூவாத்தாள்


குமாரபாளையம்,
ஆடி 10, வெள்ளிக்கிழமை காலை

பூவாத்தாளுக்கு, குமாரசாமி அவசரமாக எழுதுவது.

எழுதாதே என்றாய். இதை மட்டும் படி. தபால் போய்ச் சேருவதற்குள் ஆறு வந்துவிடும் என்பதால் நம் தறிக்குப் பாவு நூல் ஓட்டும் காத்தானிடம் கொடுத்து, நூல்காரர் சைக்கிளில் அனுப்புகிறேன்.

நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். நேற்றுப் பொழுது சாயும்போது படித்துறையில் ஏழு படி வெளியே தெரிந்தது. இன்று விடியும்போது ஒரு படியும் இல்லை. நான் இதை எழுதும்போது தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. நம் தறிக்குழி நிரம்பிவிட்டது. வேரோடு ஒரு புளியமரம் போனதைப் பார்த்தேன்.

அணை உடைந்ததா, எனக்குத் தெரியாது. இன்னும் ஏறுமா, தெரியாது. உன் தம்பி வீடு வரை வருமா, அதுவும் தெரியாது. பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள். அவற்றில் ஒன்றைக்கூட இதில் நான் எழுதவில்லை.

என்னை நம்பச் சொல்ல எனக்கு வாய் இல்லை. காத்தானைக் கேள், அவனும் என் பக்கத்தில் நின்று பார்த்தான். அதுவும் போதாதென்றால் நீயே தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வை. ஒரு நாழிகை கழித்துப் போய்ப் பார். குச்சி ஈரமில்லாமல் நின்றால் இந்தக் காகிதத்தை அடுப்பில் போடு. தண்ணீருக்குள் போயிருந்தால் பெருமாயியைத் தூக்கிக்கொண்டு மலைக் கோயிலுக்கு ஏறிவிடு.

குமாரசாமி


மோகனூர், மலைக் கோயில்,
ஆடி 15

என் மரியாதைக்கு உரியவர்களுக்கு, பூவாத்தாள் பணிந்து எழுதுவது.

நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் இதைப் படித்துவிட்டுப் பிறகு மற்றதைப் படியுங்கள்.

வெள்ளிக்கிழமை பொழுதிறங்கும் நேரத்தில் காத்தான் வந்தான். சைக்கிளில் பாதி, சேற்றில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பாதி. "அண்ணன் எழுதுனது நெசமுங்க அம்மிணி, நானும் நின்னு பார்த்தனுங்க" என்றான். சுப்பையன் சிரித்தான். "ஏனக்கா, மாமன் பேச்சைக் கேட்டு ஒருக்கா பட்டது பத்தாதா? இதெல்லாம் திருடனுவ கட்டி உட்ட கதை. நாம ஊட்டைப் பூட்டிட்டுப் போனா உள்ள பூந்து அள்ளறதுக்குத்தான்."

நான் வெற்றிலைக் கொடிக்காலுக்குக் கீழே போய்க் குச்சியை நட்டேன். நாழிகை கழித்துப் போனால் குச்சியைக் காணோம். அது நின்ற இடத்தையும் காணோம். கொடிக்காலின் முதல் வரிசை தண்ணீரில் நின்றது.

அம்மாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். போகிற வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் உங்கள் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். தெரியாது, தெரியாது என்று நீங்கள் எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக் கேட்டார்கள். காரணம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை நாளில் அந்த வார்த்தையை ஒருவரும் சொல்லாததாலோ என்னவோ. மூட்டை கட்டிக்கொண்டு முப்பது வீட்டார் பின்னால் வந்தார்கள்.

விடிந்ததும் பார்த்தோம். அதை ஆறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அக்கரை இல்லை. வானம் வரைக்கும் செம்மண் நிறத்தில் ஒரே தண்ணீர், மெதுவாக அல்ல, ஓட்டமாகவும் அல்ல, ஒரு தேசமே எழுந்து நடந்து போவது போல. தென்னை மரங்கள் சாயாமல் நின்றபடியே போயின. ஒரு கூரை முழுசாகப் போயிற்று, அதன் முகட்டில் ஒரு சேவல், விடிந்துவிட்டதென்று கூவிக்கொண்டே. காலுக்கடியில் பாறை அதிர்ந்தது. அத்தனை பேரில் ஒருவரும் அழவில்லை. அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்தவள் வெகுநேரம் இறக்கவேயில்லை. பயம் இருந்தது, ஆனால் பயத்தைவிடப் பெரியதாக ஒன்று இருந்தது. இத்தனை நாள் இதன் கரையில்தானா துணி துவைத்தோம் என்றிருந்தது.

பெருமாயி கேட்டாள், "அம்மா, இத்தனை தண்ணியும் எங்க போவுது?" "எனக்குத் தெரியலை சாமி" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்க்க ஆரம்பித்தாள்.

சுப்பையன் விடிந்த பிறகுதான் வந்தான், இடுப்பளவுத் தண்ணீரில், கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு. வீடு போய்விட்டது. என் காலடியில் உட்கார்ந்து, "மாமனுக்கு எழுதக்கா" என்றான்.

இனி நம் விஷயம். அப்பாவின் முகத்தைப் பார்க்காதது எனக்கு ஆறவில்லை. ஆறிவிடும் என்று எழுதினால் பொய். பெருமாயிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். குறைந்திருக்கிறது, ஆனால் விடவில்லை. இதை உங்களுக்கு மறைக்க எனக்கு மனசில்லை.

அங்கே நம் வீடு நிற்கிறதா, தறி இருக்கிறதா, எழுதுங்கள். போயிருந்தால் போயிற்று என்றே எழுதுங்கள். எப்படி எழுதினாலும், குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு, வண்டிப் பாதை திறந்ததும் நாங்கள் இருவரும் புறப்பட்டு வருகிறோம்.

பூவாத்தாள்